ஒருதரம் திறந்தால் மறையும் படம்

எங்கள் விடுதி அறையில் பூ வைக்கிற வேலை என்னுடையது. நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு செல்பி எடுத்தால், அதை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னர் எனக்கு அனுப்புவார்கள். நான் மறைக்க வேண்டிய ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு பூவை ஒட்டி மூடித் திருப்பி அனுப்புவேன். கல்முனைக் கரையிலிருந்து படிக்கப் போன முஸ்லிம் பெண் பிள்ளைகளின் ஸ்டேட்டஸைப் பார்த்தால் இப்படிப்பட்ட படங்கள்தான் கிடக்கும். அபாயா, கைக்கடிகாரம், புதுச் செருப்பு எல்லாம் துலக்கமாகத் தெரியும். கழுத்துக்கு மேலே சூரியகாந்தி. முகத்தை மறைத்துவிட்டு முகப்படம் போடுகிற இந்தக் கலையை எங்கள் அளவுக்கு வேறு யாரும் வளர்த்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் பூ. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வேடிக்கையெல்லாம், மறைக்கப் போகிற முகத்துக்காக எங்கள் பிள்ளைகள் படுகிற பாட்டில் இருந்தது. அறையில் மருதமுனைக்காரி ஒருத்தி இருந்தாள். கை நீளம் என்பதால் போனைப் பிடிக்கிற பொறுப்பு அவளுக்கு. படம் எடுப்பதற்கு முன்னர் உதட்டுக்குச் சாயம் பூசுவாள், புருவத்தைச் சரி செய்வாள், ஒரே நிற்பில் எங்களைக் கால் கடுக்க நிறுத்தி வைத்துத் திரும்பத் திரும்ப எடுப்பாள். அவற்றுள் தன் முகம் வடிவாக விழுந்த ஒன்றைத் தெரிவு செய்வாள். பிறகு அதை எனக்கு அனுப்பி, அதே முகத்தின் மேல் பூ வைக்கச் சொல்வாள். ஒருநாள் நான் அவசரத்தில் சின்னதாய் ஒரு மல்லிகையை வைத்து அனுப்பிவிட்டேன். கோபத்தோடு வந்து நின்றாள்.

“என்னகா இது? கன்னம் ரெண்டும் வெளிய தெரியுது!”

“கன்னத்த வெச்சு ஒன்ன ஆரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பயப்படாத.”

“கண்டுபிடிக்கிறது கிடக்கட்டும். குண்டாத் தெரியுதுகா. பெரிய பூவா வை.”

அறையில் பூத் தேவைப்படாத ஒரே ஆள், வீரமுனையிலிருந்து வந்திருந்த தமிழ்ப் பிள்ளை. அவள் தன் முகத்தைத் திறந்தே போடுவாள். ஆனால் அது அவளுடைய முகம்தானா என்பது வேறு கதை. பில்டர் போட்டு மூக்கை ஒடுக்கி, கண்ணைப் பெருப்பித்து, நிறத்தை வெளுப்பித்த பிறகுதான் போடுவாள். ஒருமுறை அவளுடைய அம்மாவே படத்தைப் பார்த்துவிட்டு, உன்னோடு படிக்கிற பிள்ளையா என்று கேட்டாராம். “நீங்க பூவால மறைக்கிறீங்க, நான் என்னாலயே என்ன மறைக்கிறன். வேற என்ன வித்தியாசம்?” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளை எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்தச் சிரிப்புத்தான் காரணம்.

நாங்கள் படித்தது தாதியியல். ஸ்டெதஸ்கோப் கையில் கிடைத்த அன்று எங்களில் ஒருத்தியும் அதைக் காதில் மாட்டி எவருடைய இதயத்தையும் கேட்கவில்லை. கழுத்தில் போட்டுப் படம் எடுத்தோம். வார்டுக்குள் படம் எடுக்கக்கூடாது என்பது கண்டிப்பான சட்டம். சட்டத்தை மதித்து, வார்டுக்குப் போகிற படிக்கட்டில் எடுத்தோம். அதன் வளைவில் யன்னல் வெளிச்சம் நன்றாக விழும். நோயாளிகள் ஏறி வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, அவர்கள் போனதும் திரும்பவும் நிமிர்ந்து நிற்போம். ஆண் பிள்ளைகள் எங்களைவிட மோசம். பிரஷர் பார்க்கிற கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்த்து ஆழமாகச் சிந்திப்பது போல ஒரு நிலை. அப்படி என்னதான் சிந்தித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பரீட்சை முடிவுகளிலும் அது வெளிப்படவில்லை.

இறுதி வருடத்தில் குழுவாக ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். சுகாதாரத் துறை மாணவர்களின் செல்பிப் பழக்கமும் தன்மதிப்பும் என்ற தலைப்பைச் சொன்னது நான்தான். மற்றவர்கள் நீரிழிவு, டெங்கு நுளம்பு என்று பெரிய விஷயங்களுக்குப் போனார்கள். எனக்கு என் அறையே போதுமாக இருந்தது. பேட்டி காணப் போனால், ஒருவரும் செல்பி எடுப்பதில்லை. “எப்பயாவது”, “கூட்டாளிமார் கேட்டா மட்டும்” என்றார்கள். என் கேள்விக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஒரு செல்பி எடுத்துவிட்டு, அடிக்கடி எடுப்பதில்லை என்று பதில் சொன்ன பிள்ளையும் உண்டு. இன்னொருத்தி, “நான் எடுக்கிறல்ல. அவங்க எடுக்கக்குள்ள பக்கத்தில நிப்பன், அவ்வளவுதான்,” என்றாள். மருதமுனைக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பூ வைத்த படத்தையும் செல்பிக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் மேற்பார்வை மிஸ்ஸுக்கும் பதில் தெரியவில்லை.

ஆராய்ச்சியை எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னதும் நான்தான். தன் மதிப்பைப் பிறருடைய கண்ணில் கொண்டுபோய் வைத்தவருக்கு நிம்மதி இல்லை என்று, கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். என்னுடைய தன்மதிப்பு அப்போது நல்ல தேக சுகத்தோடு இருந்தது. அதை ஒருவரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

படிப்பு முடிந்து நிந்தவூருக்கு வந்த கையோடு கலியாணப் பேச்சு எழுந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில் வந்து இருப்பார். அதனால் பெண் பிள்ளை பெற்ற வாப்பாமாருக்கு ஒரு வீட்டைக் கட்டி முடிக்கும்வரை நித்திரை இல்லை. என் வாப்பாவும் எங்கள் வளவுக்குள்ளேயே எனக்கு ஒரு வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். முன் விறாந்தைக்கு டைல்ஸ் பதித்தாயிற்று. பல சுவர்களுக்கு இன்னும் பூச்சு இல்லை. டைல்ஸை அவர் தானே கடை கடையாக ஏறி இறங்கித் தெரிவு செய்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போவார்.

வாப்பா சாய்ந்தமருதில் ஒரு ஆசிரியரைக் கேட்டுப் போனார். ஆசிரியருடைய வாப்பா மௌத்தாகிப் பல வருடம். எல்லாம் அவருடைய உம்மாதான். அந்த உம்மா நல்ல முகத்தோடு பேசி, தேத்தண்ணீர் கொடுத்து, “புள்ளட படமொண்டு அனுப்புங்க. நான் மட்டுந்தான் பாப்பன்,” என்று சொல்லி அனுப்பினாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. ஸ்டூடியோவுக்குப் போக உம்மா சம்மதிக்கவில்லை. அங்கே படம் எடுக்கிறவர் ஆண். பில்டர் போடவும் சம்மதிக்கவில்லை. “நாளைக்கு நேர்ல பாத்துப்போட்டு, இது வேற புள்ள எண்டு சொன்னா என்ன செய்யிற?” என்றார். வாப்பாவுக்கு இந்தக் கவலைகள் ஒன்றும் இல்லை.

“புது விறாந்தையில நிண்டு எடு மகள். டைல்ஸும் விளங்கட்டும்.”

“வாப்பா, அவங்க கேட்டது என்ட படம்.”

“ஓம், ஒன்ட படந்தான். டைல்ஸ் பின்னுக்கு நிக்கட்டும்.”

வீரமுனைக்காரியை வரச் சொன்னேன். பஸ் ஏறி வந்து இறங்கினாள், ஒரு பை நிறைய மேக்கப் சாமானோடு. உம்மா அந்தப் பையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவளுக்குச் சோறு போட்டார். சாப்பிட்ட பிறகு புது விறாந்தையில் வேலை தொடங்கியது. நின்றும், இருந்தும், சிரித்தும், சிரிக்காமலும் அவள் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு பிழை தெரிந்தது. கடைசியில் நானே கையை நீட்டி எடுத்த ஒன்றுதான் தேறியது. முகத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி, நாடியைத் தாழ்த்தி, கண்ணை மாத்திரம் உயர்த்துகிற ஒரு கோணம் எனக்கு உண்டு. பூவுக்குக் கீழே ஒருவருக்கும் தெரியாமல் வருடக்கணக்காகப் பழகி வைத்திருந்த கோணம் அது. தோளுக்கு மேலே ஒரு சாண் அளவு டைல்ஸும் தெரிந்தது. வாப்பா போனை வாங்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்றார்.

அனுப்புகிற நேரத்தில் உம்மாவுக்குப் பயம் பிடித்தது. ஒருதரம் போன படம் ஊரெல்லாம் சுற்றுமே என்றார். அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான். ஒருதரம் திறந்து பார்த்தால் பிறகு மறைந்துவிடுகிற மாதிரிப் படம் அனுப்பலாம் என்று உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். மாப்பிள்ளையின் உம்மா பார்ப்பார், மூடுவார், அவ்வளவுதான். பிறகு அவர் நினைத்தாலும் திறக்க முடியாது. உம்மா என் படிப்பை மெச்சினார். அவருடைய போனிலிருந்தே, பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் படத்துக்குக் கீழே ‘திறக்கப்பட்டது’ என்று விழுந்தது.

பிறகு ஒன்றும் விழவில்லை.

எங்கள் ஊர்களில் சம்மதம் என்றால் பதில் சுணங்காது. விருப்பமில்லை என்றால் ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பெண் பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன பழி வந்துவிடும். அதனால் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மாவைப் பெண் வீட்டார் தாங்களாகவே விளங்கிக்கொள்ள வேண்டும். உம்மா ஆணம் காய்ச்சுகிற நேரத்திலும் போனை எடுத்துப் பார்த்தார். வாப்பா, வயலுக்குத் தண்ணீர் விடுகிற பிரச்சினையைப் பற்றி அளவுக்கு மீறிக் கதைத்தார். நாட்கள் போயின. வாரமும் போயிற்று.

நான் என் போனில் இருந்த அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். எடுத்த அன்று நன்றாக இருந்த முகம் ஒவ்வொரு நாளும் கெட்டுக்கொண்டு வந்தது. இடது கண் வலது கண்ணைவிடச் சிறிது. நெற்றி அகலம். மூக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பாரிசவாதக்காரருக்கு வார்டில் செய்கிற பரிசோதனைகளை எல்லாம் எனக்கு நானே செய்து பார்த்தேன். புருவத்தை உயர்த்தினேன், கண்ணை இறுக்கி மூடினேன், பல்லைக் காட்டினேன், கன்னத்தை ஊதினேன். நரம்புகள் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உம்மா எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார்.

“எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இந்த மூக்குத்தான் புள்ள. எனக்குக் கலியாணம் நடக்கல்லயா?”

நான் அதுவரை மூக்கைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஆசிரியர் கிடைக்கவில்லையே என்ற கவலை எனக்கு இல்லை. அவரை நான் சரியாகப் பார்த்ததுகூடக் கிடையாது. வலித்தது வேறொன்று. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூ இல்லாத என் முகத்தை ஒருவருக்கு அனுப்பினேன். அந்த உம்மா திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டார். குளிக்கப் போகிற நேரங்களில் வாளிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கமாகவும் இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டி விளக்கியவள் நான்.

வீரமுனைக்காரி போன் எடுத்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “ஒரு மனிசி பாத்துப்போட்டுப் பதில் சொல்லாததுக்கா இவ்வளவும்? உன்ட ஆராய்ச்சியில இதுக்கு என்ன மருந்தடி எழுதின நீ?” என்றாள்.

“பரிந்துரை எண்டு ஒரு பக்கம் எழுதின நான்.”

“அதில என்ன கிடக்கு?”

“விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைக்கோணும் எண்டு கிடக்கு.”

“அப்ப வையன். நீ ஒராள், நான் ஒராள். தேத்தண்ணி குடிக்க நான் வாறன்.”

சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு அந்தப் படத்தை அழித்தேன். அழித்ததில் நிம்மதி ஒன்றும் வரவில்லை. முகம் முகத்திலேயே இருந்தது.

அதற்கடுத்த நாட்களில் புது வீட்டின் முன் சுவருக்குப் பூச்சுப் போட்டார்கள். பூச்சு வெடிக்காமல் இருக்கக் காலையும் பின்னேரமும் சுவருக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சுவர் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் நினைக்காது. ஒரு நாள் பின்னேரம், அஸர் பாங்கு சொன்ன பிறகு, வாப்பாவின் பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, ஹோஸ் பைப்பைப் பிடித்து நின்றேன். சுவரில் பட்டுத் தெறித்த சீமெந்துத் தண்ணீர் முகமெல்லாம் இருந்தது. வாப்பா வயலில். உம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார்.

கேற்றைத் திறந்துகொண்டு வயதான ஒரு பெண் வந்தார். கறுப்பு அபாயா, கையில் ஒரு பை. சலாம் சொன்னார். பக்கத்துத் தெருவில் யாரையோ தேடி வந்தவராக்கும் என்று நினைத்து, உம்மா தொழுகிறார், கொஞ்சம் இருங்கள் என்று, அடுக்கிக் கிடந்த சீமெந்துக் கற்களைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவர் கல்லில் அமர்ந்து, கண்ணைச் சுருக்கி என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உள்ளுக்கு நேர்ஸ் புள்ள இரிக்காவா மகள்?”

“எந்த நேர்ஸ் புள்ள?”

“இந்த வீட்டுப் புள்ள. படிச்சிட்டு வந்திரிக்கிற.”

“நான்தான்.”

“நீயா?” என்று எழும்பினார். “நான் சாய்ந்தமருதால வாறன் மகள்.”

பைப் என் கையிலிருந்து நழுவித் தரையில் துள்ளியது. அவருடைய அபாயாவின் கீழ்ப்பக்கம் முழுக்க நனைந்தது. நான் பைப்பைப் பிடித்து மூடுவதா, தலையில் இருந்த துவாயைச் சரி செய்வதா, உம்மாவைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன். உம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“உம்மாவக் கூப்பிடாத. முதல்ல ஒனக்கிட்ட ஒண்டு சொல்லோணும். வெட்கம் கெட்ட கதை.”

சொன்னார். படம் வந்த நேரம் அவர் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாராம். ஆசையில் அப்படியே போனைத் திறந்துவிட்டார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஏதோ ஒரு பிள்ளை, பின்னால் ஏதோ பளபளப்பு, அவ்வளவுதான் தெரிந்தது. போனை அணைத்து வைத்துவிட்டு, கையைக் கழுவி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் படம் இல்லை. போனில் எங்கெங்கோ தேடினார். மகனிடம் கேட்க முடியாது. மகன் படத்தைப் பார்க்கக்கூடாது என்று அவரே வைத்த சட்டம்.

“திருப்பி அனுப்பச் சொல்லி நீங்க கேட்டிரிக்கலாமே மாமி,” என்றேன்.

“எப்பிடி மகள் கேட்கிற? ஒரு குமர்ப்புள்ளட படத்த ரெண்டாந்தரமும் கேட்டா, முதல் படத்த என்ன செய்த எண்டு நினைக்க மாட்டாங்களா?”

“அப்ப நீங்க பாக்கவே இல்லையா?”

“இல்ல. அதுதானே பெரிய பாவமாப் போச்சு.” இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “மகன் வந்து, புள்ள எப்பிடி உம்மா எண்டு கேட்டான். பாக்கல்ல எண்டு சொல்ல வெட்கமா இரிந்திச்சி. நல்ல வடிவான புள்ள, மாஷா அல்லாஹ், எண்டு சொல்லிட்டன். அவன் சம்மதம் எண்டுட்டான். தங்கச்சிமாருக்கும் அதத்தான் சொன்ன நான். எல்லாருக்கும் சொல்லிட்டன். ராவையில தொழுதுபோட்டு யோசிச்சா, நெஞ்சுக்குள்ள குத்துது. பாக்காத ஒண்டப் பாத்த எண்டு பொய் சொல்லிட்டனே. பொய்ய வெச்சுக்கொண்டு எப்பிடிச் சம்பந்தத்த முடிக்கிற? அதுதான் ஒருத்தருக்கும் சொல்லாம பஸ் ஏறி வந்த நான்.”

நான் அழிக்கிற அளவுக்கு வெறுத்த அந்த முகத்தை அவர்கள் வீட்டில் ஒருவரும் பார்த்திருக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரேயடியாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அவர் பையைத் திறந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஷோல் நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து இன்னொருதரம் துடைத்தார். பிறகு போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

சேர்ட், துவாய், சீமெந்துத் தண்ணீர். முகம் கழுவிவிட்டு வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் கழுத்து தன்பாட்டில் திரும்பியது. இடது பக்கம் கொஞ்சம், நாடி கீழே, கண் மேலே.

“அப்பிடியில்ல மகள்,” என்றார். “நேரா பாரு.”

நேராகப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. நெற்றியைப் பார்த்தார், இரண்டு கண்களையும் பார்த்தார், எங்கள் குடும்பத்து மூக்கையும் பார்த்தார். ஒரு விரலால் என் கன்னத்தில் காய்ந்து கிடந்த சீமெந்தைத் துடைத்துவிட்டு அந்த இடத்தையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். நெஞ்சில் கை வைத்து, பெரிய சுமையொன்றை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். “நான் பொய் சொல்லல்ல.”